மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை: யாருக்குக் கொடுக்கலாம், யார் முடிவு செய்ய வேண்டும்?

சக்கர நடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன் நான். கைகளாலேயே ஓட்டும்படி மாற்றியமைத்த கார் வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய பார்க்கிங் இடங்களை மற்றவர்கள் பிடித்துக்கொள்வது பற்றி அவ்வப்போது எல்லோரும் புலம்புகிறோம், இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. இந்த முறை கொஞ்சம் ஆழமாகவே பேசலாம் என்று தொடங்குகிறேன்.

"வாசலுக்குப் பக்கத்தில் இடம், அதற்குப் போய் இவ்வளவு சண்டையா" என்று கேட்கிறார்கள். எனக்குத் தூரம் பெரிய பிரச்சினை இல்லை. சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் போய்விடுவேன். எனக்கு வேண்டியது அகலம். கார்க் கதவை முழுசாகத் திறக்க வேண்டும், பக்கத்து இருக்கையில் கிடக்கும் நாற்காலியின் சட்டத்தை மடிக்கு மேலாகத் தூக்கி வெளியே வைக்க வேண்டும், இரண்டு சக்கரத்தையும் மாட்ட வேண்டும், அப்புறம் கையை ஊன்றி உடம்பை அதற்கு மாற்ற வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கட்டத்தை ஒட்டிச் சாய்வான கோடுகள் போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்கள். அமெரிக்க விதியில் அந்த இடைவெளி குறைந்தது 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டர். பிரிட்டனில் 1.2 மீட்டர். அந்தக் கோடுகளின் மேல் யாராவது ஒரு பைக்கை நிறுத்திவிட்டுப் போனால்கூட நான் என் காருக்குள் ஏற முடியாது. அவர் திரும்பி வரும்வரை வெயிலோ மழையோ வெளியிலேயே இருக்க வேண்டியதுதான்.

இந்த இடங்களில் நிறுத்த உரிமை உண்டு என்று காட்ட, காரின் கண்ணாடியில் ஓர் அட்டையை வைக்க வேண்டும். அந்த அட்டையே இல்லாமல் நிறுத்துபவர்களுக்கு அபராதம் இருக்கிறது. என்னை அதிகம் உறுத்துவது அட்டையோடு வருபவர்கள். அப்பா இறந்த பிறகும் அவர் அட்டையைக் கண்ணாடியில் வைத்து ஓட்டும் மகன். பாட்டி வீட்டில் படுத்திருக்க, அவர் அட்டையோடு வேலைக்குப் போகும் பேரன். பழக்கமான டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டவர். இவர்கள் வைத்திருப்பது உண்மையான அட்டை என்பதால் பார்க்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

என் கேள்வி இதுதான். இந்த அட்டை யாருக்கு உரியது என்பதை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்? நோயின் பெயரை வைத்தா, நடக்கும் தூரத்தை வைத்தா, டாக்டரின் வார்த்தையை வைத்தா?

தெளிவு வேண்டும் எழுதியது:

நல்ல இழை. நேராகவே சொல்கிறேன், அட்டையை அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் மூலக் காரணம். காரை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று நடந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பலகையில் போட்டிருப்பது சக்கர நாற்காலிப் படம். அப்படியானால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக்கால் இவற்றோடு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். யாரும் ஏமாற்ற முடியாது, யாரும் யாரையும் சந்தேகப்படவும் வேண்டாம். எங்கள் வீட்டிலும் வாக்கர் வைத்து நடக்கும் பெரியவர் இருக்கிறார். அவருக்கு இடம் கிடைக்காமல் திரும்பி வந்த நாட்கள் உண்டு. அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

நீலவானம் எழுதியது:

தெளிவு வேண்டும் அவர்களுக்கு, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த "விறுவிறு" ஆட்களில் நானும் ஒருத்தி.

எனக்கு முடக்குவாதம். அதனோடு சேர்ந்து நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. காரிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேலை கட்டி, நிமிர்ந்து, நல்லபடியாகத்தான் நடப்பேன். கடையின் கடைசி வரிசைக்குப் போகும்போது மூச்சு வாங்கும், உதடு நீலம் பாயும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் பார்ப்பது முதல் பத்து அடியை. அதற்கப்புறம் நடப்பதை நீங்கள் பார்ப்பதில்லை. திரும்பி வரும்போது காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தொடும் முன்பு வெகுநேரம் மூச்சைச் சமன்செய்துகொண்டிருப்பேன். அதையும் யாரும் பார்ப்பதில்லை.

ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவர் என் வண்டியையும் என்னையும் செல்போனில் படம் எடுத்தார். "நல்லா நடக்கிறீங்களேம்மா, வெட்கமா இல்லையா" என்று கேட்டார். பதில் சொல்லக்கூட அப்போது மூச்சு இல்லை. இதை எழுதுவதால் யாரும் என்மேல் பரிதாபப்பட வேண்டாம், பார்வையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் யார்மேல் அடி விழுகிறது என்று தெரிந்தால் போதும்.

பலகைப் படத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 1968ல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசான் கோஃபோட் என்ற வடிவமைப்பு மாணவி வரைந்தது அது. முதலில் நாற்காலி மட்டும்தான், தலை அப்புறம் சேர்க்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தாலே புரிய வேண்டும் என்பதற்கான குறி அது. யாருக்குத் தகுதி என்று சொல்வதற்கு வரைந்ததில்லை.

உடலியக்கம் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த அட்டைக்கு விண்ணப்பிப்பவர்களைச் சோதிக்கும் வேலையும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள்.

நோயின் பெயர் எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. "மூட்டுத் தேய்மானம்" என்று ஒரே சொல்லை எழுதிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் காலையில் நடைப்பயிற்சி போகிறவர், இன்னொருவர் கழிவறைக்குப் போகவே மகளைக் கூப்பிடுகிறவர். பெயரை வைத்துக் கொடுத்தால் முதலாமவருக்கும் கிடைக்கும். பெயர் பட்டியலில் இல்லாத அபூர்வ நோய்க்காரருக்குக் கிடைக்காது.

அதனால்தான் பல நாடுகளின் விதிகள் தூரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1991ல் வந்த கூட்டாட்சி விதி, நின்று இளைப்பாறாமல் 200 அடி நடக்க முடியாதவர் என்று சொல்கிறது. ஏறக்குறைய 60 மீட்டர். அதே விதியில் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் தனி அளவுகோல் உண்டு: ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்று ஒரு லிட்டருக்குக் கீழே இருப்பவர், கையில் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு போகிறவர், இதய நோயில் மூன்றாம், நான்காம் நிலையில் இருப்பவர். இவர்கள் யாரையும் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. நீலவானம் சொன்ன நிலை இந்த வகைதான். பிரிட்டனில் உதவித்தொகைக்கான மதிப்பீட்டில் 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர் என்று புள்ளி பெற்றால் அட்டைக்கும் தகுதி வந்துவிடும்.

ஆனால் தூரம் மட்டும் போதாது. 50 மீட்டர் நடந்துவிட்டார், சரி. எப்படி நடந்தார்? எத்தனை முறை நின்றார்? அடுத்த 50 மீட்டர் அவரால் முடியுமா? மறுநாள் படுக்கையில் கிடந்தாரா? பிரிட்டனின் அந்த மதிப்பீட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் "முடியும்" என்று எழுத வேண்டும். ஒரு வேலையை ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டால் அது முடிகிற வேலை ஆகிவிடாது.

மருத்துவமனைகளில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று செய்வோம். 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் போகவும் வரவும் நடக்கச் சொல்லி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, எங்கே நின்றார் என்று குறிப்போம். இதில் நடிப்பது நினைப்பதைவிடக் கடினம். வலி இருப்பதுபோல நொண்டலாம், ஆனால் அதே நொண்டலை ஆறு நிமிடமும் ஒரே மாதிரி வைத்திருக்க முடியாது. விரல் நுனியில் மாட்டிய கருவியையும் ஏமாற்ற முடியாது.

எனக்குத் தலைவலி வேறு இடத்தில். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் போன்ற நோய்களில் நேற்று நன்றாக நடந்தவர் இன்று எழுந்திருக்க மாட்டார். சோதனைக்கு வரும் நாள் பெரும்பாலும் நல்ல நாள். மோசமான நாளில் அவரால் வரவே முடியாதே! அதனால் ஒரு நாள் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. மருந்துச் சீட்டு, சிகிச்சைக் குறிப்புகள், வீட்டில் கூட இருப்பவர் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடும்ப மருத்துவன் எழுதியது:

கையெழுத்துப் போடுபவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் சொல்கிறேன். பல இடங்களில் விண்ணப்பப் படிவத்தை நேராக என் மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் குடும்பத்தோடு என்னிடம் வருகிறவர். அவர் குழந்தைக்கு ஊசி போட்டதும் நான், அவர் அம்மாவின் கடைசி நாட்களில் கூட இருந்ததும் நான். அவரிடம் "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று சொன்னால் அடுத்த முறை நெஞ்சுவலியை என்னிடம் சொல்வாரா? இந்த அழுத்தத்தில்தான் பல கையெழுத்துகள் விழுகின்றன. காசு வாங்கிக்கொண்டு போடுகிறவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் முகத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் போடுகிறவர்களே நிறைய.

இங்கிலாந்தில் 2012 வாக்கில் இதை மாற்றினார்கள். சந்தேகத்துக்கு இடமான விண்ணப்பங்களில் குடும்ப மருத்துவரின் கருத்தை நம்புவதை விட்டுவிட்டு, விண்ணப்பித்தவரோடு முன் உறவு இல்லாத பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களை நடமாட்டத்தைச் சோதிக்க வைத்தார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மருந்து என்ற உண்மைகளை நான் எழுதித் தருகிறேன். முடிவை வேறொருவர் எடுக்கட்டும். இதில் மருத்துவரின் மானம் ஒன்றும் போகாது. எனக்கும் நோயாளிக்கும் நடுவே இருக்கும் நம்பிக்கையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள். இரண்டு காலும் எடுக்கப்பட்டவரை, சக்கர நடை நண்பரைப் போல முதுகுத்தண்டு அறுபட்டவரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவழைத்து "இப்போது எப்படி இருக்கிறது" என்று கேட்காதீர்கள். காகிதத்தைப் பார்த்தே கொடுக்க வேண்டியவர்களுக்குக் காகிதத்தைப் பார்த்தே கொடுங்கள். நேர் சோதனை நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும் போதும். மிச்சமாகும் நேரத்தை அவர்களுக்கு ஒழுங்காகச் செலவிடலாம்.

ஒரு தாய் எழுதியது:

என் மகனுக்கு ஆட்டிசம். நன்றாக நடப்பான், ஓடுவான், என்னைவிட வேகமாக. உடலியக்கம் அவர்களின் 30 மீட்டர் தாழ்வாரத்தில் விட்டால் ஆறு நிமிடத்தில் எல்லோரையும் தோற்கடிப்பான். ஆனால் வண்டிகள் ஹாரன் அடிக்கும் இடத்தில் அவனை இறக்கினால், காதைப் பொத்திக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவான் என்று தெரியாது. ஓடும் காருக்கு முன்னால் பாய்ந்திருக்கிறான். அவன் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான், இப்போது பிடித்து நிறுத்த என் பலம் போதவில்லை.

எங்களுக்குத் தூரம் ஆபத்தாக இருக்கிறது. இதை எந்த மீட்டரில் அளப்பீர்கள்? இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 30லிருந்து விதியை விரித்திருக்கிறார்கள். போக்குவரத்து நடுவே தனக்கோ பிறருக்கோ கடுமையான ஆபத்து வரும் நிலையில் இருப்பவர், பயணத்தின்போது பெரும் மனத்துயரம் அடைபவர், இவர்களும் விண்ணப்பிக்கலாம். அதைப் படித்த அன்று அழுதுவிட்டேன். யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

தெளிவு வேண்டும் எழுதியது:

அம்மா, உங்கள் மகனுக்கு வேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது. நீலவானம் அவர்களின் மூச்சையும் நான் மறுக்கவில்லை. கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம் என்று முதலில் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் என் கணக்கு இன்னும் நிற்கிறது. தகுதியை விரித்துக்கொண்டே போகிறோம், கட்டங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. பத்து இடத்துக்கு முப்பது பேர் இருந்த நிலை, பத்து இடத்துக்கு அறுபது பேர் என்று ஆனால் கடைசியில் நஷ்டப்படுகிறவர் யார்? வேறு எந்த இடத்திலும் இறங்கவே முடியாத சக்கர நாற்காலிக்காரர்தானே? தகுதியை விரிக்கிற அதே உத்தரவில் இடத்தையும் கூட்ட வேண்டும். அப்படிச் செய்கிற அரசாங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

சக்கர நடை எழுதியது:

தெளிவு, இதில் நான் உங்கள் பக்கம். அமெரிக்க விதிப்படி 25 வண்டி வரை நிற்கும் இடத்தில் ஒரு கட்டம், 100 வரை போனால் நான்கு, 501 முதல் 1,000 வரை என்றால் மொத்தத்தில் 2 சதவீதம். அந்தக் கட்டங்களிலும் ஆறில் ஒன்றுதான் வேன் நிற்கும் அளவு அகலம். பார்க்கிங் இடங்களைக் கட்டும்போது போட்ட இந்தக் கணக்கு, முதியவர்கள் பெருகிய பிறகும் அப்படியே இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை உண்டு. நீலவானத்துக்கும் அந்தத் தாய்க்கும் வேண்டியது பக்கத்து இடம், எனக்கு வேண்டியது அகல இடம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு எங்களை ஒருவரோடு ஒருவர் முட்டவிட்டிருக்கிறார்கள். வாசலுக்கு அருகே சாதாரண அகலத்தில் சில கட்டங்களையும், கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை என்று அகலமான சில கட்டங்களையும் தனித்தனியாகப் பிரித்தால் என்ன? அட்டையிலும் அதற்கு ஒரு குறி போடலாம். சிங்கப்பூரில் தானே ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கு ஒரு வகை, மாற்றுத்திறனாளியை அழைத்துவரும் பராமரிப்பாளருக்கு இன்னொரு வகை என்று இரண்டு அட்டை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகைக்கு ஒரு மணி நேர வரம்பு உண்டு. அட்டையை வகை பிரிக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

கணக்கன் எழுதியது:

எல்லோரும் தகுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏமாற்றுபவன் எதற்காக ஏமாற்றுகிறான் என்று யாராவது கேட்க வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக இறந்த தகப்பனின் அட்டையை வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. நகரத்தின் நடுவில், கட்டணம் அதிகமுள்ள தெருவில், நாள் முழுவதும் இலவசமாக நிறுத்துவதற்காக வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பல இடங்களில் அட்டை இருந்தால், தெருவோர பார்க்கிங் மீட்டரில் நிறுத்தும் நேரத்துக்குப் போட வேண்டிய கட்டணம் கிடையாது, நேர வரம்பும் கிடையாது. ஆண்டு முழுவதும் கூட்டிப் பாருங்கள், அந்த அட்டை ஒரு பெரிய தொகைக்குச் சமம். அவ்வளவு மதிப்புள்ள பொருளை ஒரு கையெழுத்துக்குக் கொடுத்தால் கள்ளத்தனம் வராமல் என்ன செய்யும்?

கலிஃபோர்னியாவில் மாநிலத் தணிக்கையாளர் 2017ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். நூறு வயதைத் தாண்டியவர்கள் பெயரில் சுமார் 26,000 அட்டைகள் நடப்பில் இருந்தன. அந்த மாநிலத்தில் நூறு வயதைத் தாண்டியவர்கள் மொத்தமே சுமார் 8,000 பேர் என்பது மதிப்பீடு. இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 35,000 அட்டைதாரர்கள் இறந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. நிரந்தர அட்டைகள் கேள்வியே இல்லாமல் தாமாகப் புதுப்பிக்கப்பட்டுத் தபாலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அட்டைதாரரே கையெழுத்திட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே மாநிலத்தில் 1999ல் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள் பொய்யான மருத்துவச் சான்றோடு இந்த அட்டை வாங்கிப் பிடிபட்டார்கள். மைதானத்தில் ஓடுகிற பையன்கள்!

மிச்சிகன் மாநிலம் 1995லேயே வேறு வழியில் போனது. அட்டை உள்ள எல்லோருக்கும் ஒதுக்கிய இடம் உண்டு. கட்டண விலக்கு மட்டும், மீட்டர் வரை போகவோ அதை எட்டவோ காசு போடவோ உடலால் முடியாதவர்களுக்கு. இல்லினாய் 2014ல் அதே வழியைப் பிடித்தது. அதே ஆண்டு ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரமும், சக்கர நாற்காலிக்காரர்கள் தவிர மற்ற அட்டைதாரர்களுக்கு மீட்டர் சலுகையை நிறுத்தியது. பார்க்கிங் கட்டணத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய பேராசிரியர் டொனால்ட் ஷூப் வலியுறுத்தியதும் இந்த இரண்டடுக்கு முறையைத்தான்.

காசு லாபத்தை எடுத்துவிட்டால் ஏமாற்றுபவர்களில் பெரும்பாலோர் தாமாகவே போய்விடுவார்கள். போலீஸ் வேண்டாம், யாரும் யாரையும் படம் எடுக்கவும் வேண்டாம்.

சக்கர நடை எழுதியது:

கணக்கன் அண்ணா, வாதம் வலுவாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழுசாக மனசு ஒப்பவில்லை. ஒரு கடைக்குள் போய்வர மற்றவருக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு எனக்கு ஆகும். இறங்க ஒரு நேரம், ஏற ஒரு நேரம், சரிவுப்பாதை எங்கே என்று தேடிச் சுற்றிவர ஒரு நேரம். மீட்டர் அந்த நேரத்துக்கெல்லாம் காசு கேட்கும். உடம்பு முடியாமல் வேலை இழந்தவர்கள் எங்களில் பலர். பஸ்ஸில் போகலாம் என்றால் எல்லா பஸ்ஸிலும் ஏற முடியுமா? மற்றவர்களுக்குக் கார் வசதி, எங்களில் பலருக்கு அது ஒன்றே வழி.

கணக்கன் எழுதியது:

தம்பி, நியாயம். மிச்சிகனின் விதி உங்களைப் போன்றவர்களுக்குக் கட்டண விலக்குக் கொடுக்கத்தான் எழுதப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்து மீட்டரை நெருங்க முடியாதவர், தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேல் கையை நீட்ட முடியாதவர், 20 அடிகூட நடக்க முடியாதவர் அதில் கட்டணம் கட்ட வேண்டாம். மற்றவர்களுக்குக் கட்டணம் இருந்தாலும் நேரத்தை இரட்டிப்பாக்கிக் கொடுக்கலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்குத் தனியாகப் பணமாகவே உதவி செய்யலாம். கார் ஓட்டவே முடியாத, கார் வாங்கவே முடியாத மாற்றுத்திறனாளிக்கு இலவச மீட்டரால் என்ன பயன்? அந்தக் கட்டணத்தை வசூலித்து நடைபாதையில் சரிவுப்பாதை போட்டால் அவருக்கும் போய்ச் சேரும்.

ரோந்துக்காரர் எழுதியது:

பார்க்கிங் கண்காணிப்பு வேலையில் பல வருடமாக இருக்கிறேன். தெருவில் நடப்பதைச் சொல்கிறேன்.

இந்த அட்டை வண்டிக்குச் சொந்தம் இல்லை, ஆளுக்குச் சொந்தம். அட்டைக்காரர் யார் வண்டியில் போனாலும் அதை வைக்கலாம். அவர் இல்லாமல் அவருடைய சொந்த வண்டியே வந்தாலும் வைக்கக் கூடாது. இது தெரியாமல் செய்கிறவர்கள் பாதிப்பேர். "அம்மாவுக்கு மருந்து வாங்க வந்தேன்" என்பார்கள். அம்மா வீட்டில் இருக்கிறார். மருந்து அம்மாவுக்குத்தான், ஆனால் அம்மா இறங்கவில்லையே? விதிப்படி அது தவறு. அதை அட்டை கொடுக்கும்போதே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்தால் யார் படிப்பார்கள்?

நாங்கள் ஆளின் நடையைப் பார்ப்பதில்லை. அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி. அட்டையின் காலாவதித் தேதி, வரிசை எண், பின்பக்கப் புகைப்படம், இவைதான். எண்ணை அடித்தால் அட்டைக்காரர் இறந்துவிட்டார், அல்லது அட்டை தொலைந்ததாகப் புகார் இருக்கிறது என்று வந்துவிடும். ஓட்டிவந்தவரிடம் தணிவாக, "அட்டைக்காரர் இப்போது உங்களோடு வந்திருக்கிறாரா, எங்கே இருக்கிறார்" என்று கேட்பேன். உண்மையானவர்கள் உடனே பதில் சொல்வார்கள். மற்றவர்கள் முதலில் கோபப்படுவார்கள்.

இங்கிலாந்தில் 2013ல் வந்த சட்டம் தவறாகப் பயன்படுத்தும் அட்டையை அந்த இடத்திலேயே பறிமுதல் செய்ய அதிகாரம் கொடுத்திருக்கிறது. நீதிமன்றம் போனால் 1,000 பவுண்டு வரை அபராதம். அபராதத்தைவிட அந்தப் பறிமுதல்தான் வேலை செய்யும் என்பது என் அனுபவம். காசைக் கட்டிவிட்டு நாளைக்கும் அதே அட்டையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் அட்டை இல்லையென்றால் எப்படி வருவார்? ஆனால் பறித்ததை அட்டைக்காரரிடம் உடனே சேர்த்துவிட வேண்டும். பேரன் செய்த தப்புக்குப் பாட்டி ஆஸ்பத்திரி போக முடியாமல் தவிக்கக் கூடாது.

மூத்த மகள் எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். இறந்தவர்களின் அட்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா தவறியபோது வங்கி, ஓய்வூதியம், எரிவாயு இணைப்பு எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பார்க்கிங் அட்டையை யாரும் கேட்கவில்லை. வீடு முழுவதும் துக்கத்தில் இருக்கும்போது காரின் கண்ணாடியில் கிடக்கும் ஒரு அட்டை யார் ஞாபகத்துக்கு வரும்? நானாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள எந்தப் பிரிவு என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இறப்பைப் பதியும் அலுவலகத்துக்கும் அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு தகவல் போய்வந்தால் போதுமே. குடும்பத்தின் நேர்மையை மட்டும் நம்பி ஏன் விட வேண்டும்? துக்கத்தில் மறந்துபோன அட்டைதான் ஒரு வருடம் கழித்து யாரோ ஒருவருக்கு ஆசையாக மாறுகிறது.

நீலவானம் எழுதியது:

கணக்கன் சொன்னது, ரோந்துக்காரர் சொன்னது, மூத்த மகள் சொன்னது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பெரிய நிம்மதி. இவற்றில் ஒன்றிலும் என் முகத்தை, என் நடையை யாரும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. முறைகேட்டைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னாலே பாரம் எங்கள் தலையில்தான் வந்து விழுகிறது. இன்னும் ஒரு படிவம், இன்னும் ஒரு சோதனை, இன்னும் ஒரு சந்தேகப் பார்வை. இறந்தவரின் அட்டையை ரத்து செய்ய உயிரோடு இருப்பவரின் மூச்சை அளக்கத் தேவையில்லையே.

உடலியக்கம் அவர்களிடம் ஒரு கேள்வி. மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்வது? எனக்கு முதல்முறை "தகுதி இல்லை" என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. எதனால் என்று இல்லை.

உடலியக்கம் எழுதியது:

அம்மா, அந்த ஒரு வரிக் கடிதம் மிகப் பெரிய அநியாயம். மறுக்கிறவர் எந்தச் சோதனை செய்தார், என்ன கண்டார், எந்த விதிக்கு அது போதவில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டை முதலில் பார்த்தவரே பார்க்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: நோயின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள், எவ்வளவு நேரத்தில் தேறுகிறீர்கள், மோசமான நாள் வாரத்தில் எத்தனை என்று எழுதுங்கள். பலரும் கௌரவம் பார்த்துத் தங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள், குறிப்பாகப் பெரியவர்கள். "சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு, சோதனை முடிந்து வெளியே போய்ச் சுவரில் சாய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுபவர்களைவிட இவர்கள்தான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறார்கள்.

தற்காலிக அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்காவில் காலை முறித்துக்கொண்டவருக்கு ஆறு மாதம் வரை செல்லும் அட்டை தனி நிறத்தில் உண்டு. இங்கிலாந்தில் பொதுவாகக் குறைந்தது மூன்று ஆண்டு நீடிக்கும் பாதிப்பாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். எனக்கு அமெரிக்க வழிதான் சரியென்று படுகிறது. தற்காலிகத் தேவைக்குத் தற்காலிக வழி இருந்தால், அதற்காக யாரும் நிரந்தர அட்டைக்குப் பொய் சொல்ல மாட்டார்கள். தேதி முடிந்ததும் அதுவாகவே செல்லாமல் போய்விடும்.

தெளிவு வேண்டும் எழுதியது:

மீட்டர் சலுகையைக் குறைப்பது, இறப்புப் பதிவோடு இணைப்பது, அட்டையில் வகை பிரிப்பது, மூன்றும் எனக்குச் சம்மதம். கட்டங்களைக் கூட்டாமல் தகுதியை விரிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

ரோந்துக்காரர் ஐயா, கடைசியாக ஒன்று. ஒருவர் தவறாக வைத்திருக்கிறார் என்று உறுதியாகச் சந்தேகம் வந்தால் நாங்கள் என்ன செய்யலாம்?

ரோந்துக்காரர் எழுதியது:

வண்டி எண், அட்டையில் தெரியும் எண், இடம், நேரம், இவற்றைக் குறித்து அட்டை கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதே வண்டி அதே நேரத்தில் தினமும் நின்றால் அதையும் எழுதுங்கள், விசாரிக்க அதுதான் எங்களுக்கு அதிகம் உதவும். ஆளைப் படம் எடுக்காதீர்கள், அவரோடு பேச்சும் வேண்டாம். சாய்வுக் கோடுகளின் மேல் வண்டி நின்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள், அட்டை இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. அந்தக் கோடுகளின் மேல் நிறுத்த எந்த அட்டைக்கும் அனுமதி கிடையாது.